மூக்குத்தியைக் கழற்றிய பிறகு

என் மகள் காரில் ஏறினால் தூங்கிவிடுவாள். கைக்குழந்தையாக இருந்தபோதே அப்படித்தான். அழுகை நிற்காத நாள்களில் அவளைத் தூக்கிப் பின் இருக்கையில் வைத்து, லாயாங் லாயாங் கடைத்தெருவைச் சுற்றி ஒரு வட்டம் வருவோம். வீட்டு வாசலில் நிறுத்தும்போது வாய் திறந்து, தலை ஒரு பக்கம் சாய்ந்து கிடப்பாள். பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்துக்கு வந்த பிறகும் அது மாறவில்லை. செனாயில் இருக்கும் என் தொழிற்சாலைக்குப் போகிற வழியில் அவளைக் கூலாயில் உள்ள பள்ளியில் இறக்கிவிடுவேன். வண்டி எங்கள் தாமான் குடியிருப்பை விட்டு வெளியே வருவதற்குள் தூங்கிவிடுவாள். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் அந்தச் சாலை நெடுக, பக்கத்தில் அவள் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ரேடியோ போடமாட்டேன்.

இந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு காலை அந்தத் தூக்கம் அவளிடமிருந்து போய்விட்டது. அதைக் கெடுத்தது நான்.

அன்று எனக்குத் தூக்கம் வருவதாகவே தெரியவில்லை. இன்றுவரை என்னை உலுக்குவது அதுதான். கொட்டாவி விட்டிருந்தால், கண் எரிந்திருந்தால், ஓரமாக நிறுத்தியிருப்பேன். எனக்கு முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதை எங்கே முந்தலாம் என்று யோசித்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது சக்கரத்துக்கு அடியில் புல் உரசும் சத்தம். இடையில் ஒன்றுமே இல்லை. லோரி எங்கேயோ போயிருந்தது. சாலையோரக் கம்பத்தில் அடித்து இடப்பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கியது. வண்டி கால்வாய்க்கு முன்னால் நின்றது. நான்தான் பிரேக்கை மிதித்தேனா என்று கேட்டால் இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது.

மகள் கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தாள்.

"ஏன்மா இங்க நிறுத்திட்டீங்க?"

நான் நிறுத்தியதாகத்தான் அவள் நினைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அதன் பிறகு தன் பக்கம் தொங்கிக்கொண்டிருந்த கண்ணாடியைப் பார்த்தாள்.

என் கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். வாரநாள்களில் அங்கேயே தங்கிவிட்டு சனிக்கிழமை வருவார். வந்தால், இரவில் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விடுவது அவருடைய நெடுநாள் வழக்கம். நான் விடும் குறட்டை மேடேறும் லோரிபோல இருக்கிறது என்பார். வீட்டில் எல்லாரும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம், நானும் சேர்ந்து. அதை ஒரு நோயாக யாரும் எண்ணவில்லை. விபத்துக்குப் பிறகு அவர் வற்புறுத்தித்தான் மருத்துவரிடம் போனேன். அவர் விடுப்பு எடுத்து வந்து வண்டியை ஓட்டினார். மகளும் வந்தாள்.

இரவில் மூச்சு நிற்பதை யாராவது கவனித்திருக்கிறார்களா என்று மருத்துவர் கேட்டார். கணவர் உதட்டைப் பிதுக்கினார். எனக்குத் தெரிய நியாயமில்லை. மகள்தான் பேசினாள், தன் கைகளைப் பார்த்துக்கொண்டு.

"சில நேரம் நின்னுரும். சுவத்துக்கு அந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். நின்னா எழுந்து உட்கார்ந்துருவேன். திரும்ப வந்தா படுப்பேன்."

எவ்வளவு காலமாக என்று அவள் அப்பா கேட்டார். தோளைக் குலுக்கினாள். ரொம்ப நாளாக என்றாள். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கப் போனேன். அதற்குள் எனக்கு வேறொன்று விளங்கிவிட்டது. இவள் காரில் தூங்கியது குழந்தைப் பழக்கத்தினால் மட்டும் இல்லை. இரவெல்லாம் என் மூச்சைக் காவல் காத்தவளுக்கு, நான் நிச்சயம் விழித்திருப்பேன் என்று நம்பமுடிந்த இடம் அது ஒன்றுதான். அங்கேயும் நான் தூங்கிப்போனேன்.

உடம்பில் கம்பிகளை ஒட்டி ஓர் இரவு சோதித்த பிறகு, தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது என்றார்கள். மூச்சு இயந்திரம் வைத்துக்கொள்ள வேண்டும். அது குழாய் வழியாகக் காற்றை அழுத்திக் கொடுத்து, பாதையைத் திறந்தே வைத்திருக்கும். சிகிச்சை சரிப்பட்டு வரும்வரை வண்டி ஓட்டக்கூடாது என்றும் மருத்துவர் சொன்னார். எனக்குத் தொழிற்சாலைப் பேருந்து இருந்தது. மகள் பள்ளிப் பேருந்துக்காக இருட்டிலேயே எழுந்து கிளம்ப வேண்டியதாயிற்று. அவள் பள்ளிப்பையோடு வாசலில் நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். நின்றுகொண்டே கண் சொக்குவாள்.

இயந்திரம் வந்ததும் எல்லாம் ஒரே வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். முதல் முறை மாஸ்கை மாட்டியபோது, ஓடுகிற காரின் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியதுபோல இருந்தது. காற்று உள்ளே வருகிறது; என் மூச்சை வெளியே விட வழியில்லை. பிடுங்கி எறிந்தேன். ஜோகூர் பாருவில் இயந்திரம் விற்ற கடையில் ஒரு மலாய்ப் பெண் இருந்தாள், மூச்சுச் சிகிச்சை படித்தவள். போனில் கூப்பிட்டதும், படுக்கையில் முயற்சி செய்வதை முதலில் விடுங்கள் என்றாள். பகலில், விழித்திருக்கும்போது, உட்கார்ந்து டிவி பார்த்தபடி போட்டுக்கொள்ளுங்கள். முகம் அதற்குப் பழகட்டும்.

அப்படித்தான் சனிக்கிழமைப் பகல்களில் ஹாலில் உட்கார்ந்து, மூக்கில் குழாயோடு சீரியல் பார்த்தேன். கணவர் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், "என்ன, செனாய்லேர்ந்து கிளம்பிட்டியா? எத்தனை மணிக்கு இறங்குவ?" என்றார். செனாயில்தான் விமான நிலையமும் இருக்கிறது; விமானியின் முகமூடியைச் சொல்கிறார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மூக்கில் நுழைந்த காற்று வாய் வழியாகப் புஸ்ஸென்று வெளியே வந்தது. அவர் சிரித்ததில் சாம்பார் புரையேறியது. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு பதற்றம் ஓடிக்கொண்டே இருந்தது. இது சரிப்பட்டு வராவிட்டால் என்ன செய்வது? பள்ளி முடிய இன்னும் எத்தனை மாதம்? தேர்வு வேறு வருகிறதே?

நான் செய்த தவறுகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். காற்று கசிகிறதே என்று மாஸ்கின் வாரை இறுக்கினேன். இறுக்க இறுக்க இன்னும் கசிந்தது, கண்ணுக்குள்ளே அடித்தது. காலையில் இரண்டு கன்னத்திலும் சிவந்த கோடு. வேலையிடத்தில் என் பக்கத்து மேசைக்காரி அதை உற்றுப் பார்த்துவிட்டு, "யாரு கா அறைஞ்சது? விரல் தடம்கூட நேரா இருக்கு" என்றாள். கடைப் பெண்ணைக் கேட்டால், உட்கார்ந்த நிலையில் ஏன் வாரைச் சரிசெய்கிறீர்கள் என்கிறாள். படுத்தால் கன்னத்துச் சதை வேறு பக்கம் போகும். படுத்து, காற்றையும் ஓடவிட்டு, அதன் பிறகு ஒவ்வொரு வாராகத் தளர்த்திப் பார்க்க வேண்டுமாம். அதைச் செய்ததும் கன்னத்துக் கோடு போயிற்று.

இன்னொரு நாள் மூக்கடைப்பு. எங்கள் வீட்டில் தலைவலி, வயிற்றுவலி, கொசுக்கடி எல்லாவற்றுக்கும் கை முதலில் போவது மருந்து எண்ணெய்ப் புட்டிக்குத்தான். யோசிக்காமல் மூக்கடியில் இரண்டு சொட்டு தடவி மாஸ்கை மாட்டி, இயந்திரத்தையும் முடுக்கினேன். அவ்வளவு மருந்து வாடையும் அழுத்தத்தோடு மண்டைக்குள் ஏறியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட நான் துள்ளி எழுந்ததைப் பார்த்து மகள் ஓடிவந்தாள். அன்று அவள் முகம் வெளுத்த விதத்தை நான் மறக்கவில்லை. வெறும் எண்ணெய்தான், ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் அவள் அறைக்குத் திரும்பிப் போகவில்லை.

ஏர்கோனைக் குளிர வைத்துப் படுத்தால் குழாய்க்குள் நீர் திரண்டு, சொட்டுச் சொட்டாக மூக்கில் விழுந்தது. கணவரின் பழைய கைலி ஒன்றைக் கிழித்து, குழாய்க்கு உறைபோலத் தைத்துப் போட்டேன். அதுவும் நின்றது. தாலிக்கொடி குழாயில் சிக்கியது. கொடியை முதுகுப் பக்கம் தள்ளிப் போட்டுப் பழகினேன். இப்படி ஒவ்வொன்றாக வழிக்கு வந்துகொண்டிருந்தபோதுதான் மூக்குத்தி பிரச்சினையாயிற்று.

மாஸ்கின் ஓரம் சரியாக மூக்குத்தி மேல் உட்கார்ந்தது. மூக்கின் வலப்பக்கம் புண்ணாகி, தொட்டாலே உயிர் போயிற்று. கடைப் பெண் அந்த மாஸ்கை வாங்கிக்கொண்டு வேறொன்று கொடுத்தாள். மூக்கை மூடாது, இரண்டு சிறிய ரப்பர் குமிழ்கள் மூக்குத் துவாரங்களில் பொருந்தி நிற்கும். ஆனால் மூக்குத்தியின் திருகு உள்ளே குமிழில் இடித்தது. ஆகவே கழற்றினேன். கல்யாணத்தன்று போட்டது, இத்தனை வருடத்தில் அதைக் கழற்றியதே இல்லை. சோப்பும் கண்ணீருமாக வந்தது. கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒருத்தியின் முகம்.

இயந்திரத்தை முடுக்கினேன். விசில் அடித்தது.

முதலில் குழாயில் ஓட்டை என்று நினைத்தேன். குழாயை மாற்றினேன். குமிழை மாற்றினேன். மெல்லிய, நீண்ட விசில், கொதிக்கிற கெண்டி தூரத்தில் சத்தமிடுவதுபோல. விரலை முகத்தில் ஊர்ந்துபோக விட்டுத் தேடினேன். மூக்குத்தி இருந்த துளையைத் தொட்டதும் நின்றது. விரலை எடுத்தால் திரும்ப அடித்தது. உள்ளே அழுத்துகிற காற்று அந்தத் துளை வழியாக வெளியே வருகிறது! எங்கள் தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவுப் பெண்கள் மூக்குத்தி மேல் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். நானும் துளைமேல் ஒட்டிப் பார்த்தேன். வியர்வையில் விடிவதற்குள் உரிந்து கன்னத்தில் கிடந்தது.

இயந்திரத்தில் சின்னத் திரை ஒன்று உண்டு. காலையில் அதை அமர்த்தினால், இரவு எப்படிப் போயிற்று என்று காட்டும். காற்று கசியாமல் இருந்தால் சிரிக்கிற பச்சை முகம். கசிந்தால் அழுகிற சிவப்பு முகம். மகள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். பள்ளிச் சீருடையோடு என் அறைக்கு வந்து, முதலில் திரையைத்தான் பார்ப்பாள். மூக்குத்தியைக் கழற்றிய பிறகு நாள் தவறாமல் சிவப்பு முகம். பையை மாட்டிக்கொண்டு பேருந்துக்குப் போய்விடுவாள். என் தேர்வு முடிவை என் பிள்ளை பார்த்துவிட்டுப் போவதுபோல இருக்கும்.

அந்த வாரக் கடைசியில் கணவரின் அக்கா பெக்கோக்கிலிருந்து வந்தார். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் கல்யாணத்தில் மூன்றாம் முடிச்சைப் போட்டவர் அவர்தான். அந்த உரிமையை ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. செருப்பைக் கழற்றும்போதே என் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் மூக்கு மொட்டையா இருக்கு?"

மாஸ்க் குத்துகிறது, அதனால் கழற்றினேன் என்றேன்.

"என் தம்பி நல்லாத்தானே இருக்கான்?"

சாப்பாட்டு மேசையிலிருந்து கணவர் கையைத் தூக்கிக் காட்டினார். "இங்கதான் கா இருக்கேன். சோறு தின்னுக்கிட்டு."

அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இயந்திரத்தைப் பற்றி நான் சொன்ன விளக்கம் முழுவதையும் கேட்டார். விபத்தைப் பற்றிச் சொன்னபோது மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, அதெல்லாம் இருக்கட்டும், துளை தூர்ந்துபோனால் என்ன செய்வாய் என்று கேட்டார். துளையை இப்படி வெறுமையாக விடுவார்களா? தோட்டத்தில் பெண்கள் மூக்குத்தியை அடகு வைத்தால்கூட ஒரு குச்சியைச் செருகி வைப்பார்களாம்.

"தூர்ந்துபோச்சுன்னா மறுபடி குத்தணும். இந்த வயசுல உனக்கு அது தேவையா?"

பின் சந்தில் பக்கத்து வீட்டுக்காரர் வைத்த வேப்பமரம் ஒன்று இருக்கிறது. அக்கா என்னிடம் கேட்காமலே போய் ஒரு கொத்து ஒடித்துவந்தார். இலையை உருவி எறிந்து, ஈர்க்கைக் கழுவி, சிறியதாக நறுக்கி, மஞ்சளில் தோய்த்தார். கிருமி வந்துவிடும் அக்கா என்றேன். வேம்பில் என்ன கிருமி என்று கேட்டு என் தாடையைப் பிடித்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை; ஈர்க்கைத் துளைக்குள் செருகிவிட்டார். அவருக்குத் துளை தூராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். என் விசிலைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

அன்று பிற்பகல், இந்த மிஷினைத்தான் பார்ப்போமே என்று அக்கா கேட்டதால் ஹாலில் அதை மாட்டிக்கொண்டு சாய்ந்தேன். காற்று வந்தது. காத்திருந்தேன். விசில் வரவில்லை. வராததே எனக்குப் பயமாக இருந்தது. அறையிலிருந்து மகள் வெளியே வந்தாள்.

"மா, மிஷின அடைச்சிட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். நம்பாமல் குனிந்து, என் மூக்கருகில் காதை வைத்தாள். அவள் முடி என் நெற்றியில் பட்டது.

"சத்தமே இல்ல லா," என்றாள், அத்தையைப் பார்த்து.

அக்கா காலை நீட்டி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "இம்மாம் பெரிய மிஷினு, ஒரு ஈர்க்குக்கு அடங்குது பாரு," என்றார்.

மறுநாள் காலை பச்சை முகம். அதற்கு அடுத்த நாளும். கடைப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது போனில் வெகுநேரம் சிரித்தாள். அப்புறம் குரலை மாற்றிக்கொண்டு, குச்சி வேண்டாம், உள்ளே விழுந்துவிட்டால் வம்பு, துளையில் போடவென்றே நிறமில்லாத பிளாஸ்டிக் ஊசி விற்கிறது, தட்டைத் தலையாக வாங்கி அதைப் போடுங்கள் என்றாள். அப்படியே செய்தேன். அக்காவிடம் மட்டும் இன்னும் ஈர்க்கு என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

காலையில் இருந்த தலைபாரம் போயிற்று. மத்தியானத்தில் கணினிக்கு முன்னால் தலை விழுவது நின்றது. இனி மகளும் தூங்குவாள் என்று நினைத்தேன். ஆனால் காலையில் அவள் கண்ணைச் சுற்றிக் கருப்பு அப்படியே இருந்தது. கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு மாலை பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள். முன்னால் குறட்டை கேட்கும்வரை நான் மூச்சு விடுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அவளுக்குத் தெரிந்தவரை, சத்தம் இல்லாவிட்டால் மூச்சு இல்லை.

எனக்கு அது தோன்றவே இல்லை. நான் நன்றாகத் தூங்கிய இரவுகளில் எல்லாம் அவள் விழித்துக்கிடந்திருக்கிறாள். அன்று முதல் இரண்டு அறைக் கதவுகளையும் திறந்து வைத்தோம். இயந்திரம் ஓடும் மெல்லிய இரைச்சல் அவள் கட்டில்வரை போகும். அவள் அதைக் கேட்டுப் பழக வேண்டியிருந்தது, நான் மாஸ்குக்குப் பழகியதுபோல.

இயந்திரத்தின் பதிவுகளைப் பார்த்துவிட்டு, இனி வண்டி ஓட்டலாம் என்று மருத்துவர் சொன்னார். சாவியை எடுக்க எனக்குச் சில நாள் பிடித்தது. வண்டியை முதலில் தாமானுக்குள் சுற்றினேன். பிறகு ரெங்கம் வரை கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போய்வந்தேன். கடைசியாக ஒரு திங்கட்கிழமை, பேருந்தா காரா, நீயே சொல் என்று மகளைக் கேட்டேன். என் அறைக்குப் போய்த் திரையைப் பார்த்துவிட்டு வந்து, கார் என்றாள்.

வழிநெடுக அவள் தூங்கவில்லை. உடம்பைப் பாதி என் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டு வரலாற்றுப் பாடத்தில் கேள்வி கேட்டாள். நான் பதில் சொல்லத் தாமதித்தால், "மா?" என்பாள். தவறாகச் சொன்னால் திருத்துவாள். அவள் படிக்கவில்லை, என்னை விழிக்க வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று இருவருக்கும் தெரியும். மலாக்கா சுல்தான்கள் எல்லாரையும் அப்படித்தான் நான் திரும்பக் கற்றேன். புதிய பக்கக் கண்ணாடியைத் தாண்டி, அன்று புல்லில் இறங்கிய அந்த இடம் நகர்ந்துபோகும்போது மட்டும் கேள்வி நின்றுவிடும். அதைக் கடந்ததும் மீண்டும் தொடங்கும்.

போன வாரம் ஒரு காலை, கேள்வி ஏதும் வரவில்லை. தாமானை விட்டு வெளியே வந்ததும் இருக்கையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தேன். முன்னால் லோரி இல்லை. இருந்தாலும் மெதுவாகத்தான் போனேன், பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்துவிட்டு முந்தினான். ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தேன். வாய் மூடியிருந்தது. தலை நிமிர்ந்தே இருந்தது. நிஜமாகத் தூங்கினால் அவள் வாய் திறந்துவிடும். குழந்தையிலிருந்து நான் பார்க்கிற முகம் அது. அந்த இடம் வந்தபோது அவள் இமைகள் நடுங்கின. திறக்கவில்லை. நானும் ஒன்றும் பேசவில்லை. பேசினால் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பள்ளி வாசலில் நிறுத்தியதும், கூப்பிடுவதற்கு முன்பே எழுந்துவிட்டாள்.

"நல்லா தூங்கிட்டேன்மா."

"தெரிஞ்சுது," என்றேன்.

பையை எடுத்துக்கொண்டு இறங்கி, தோழிகளோடு சேர்ந்து உள்ளே போனாள். பின்னால் வண்டிகள் காத்திருந்தன. அவள் விட்ட இருக்கை வார் முழுவதும் உள்ளே போகாமல் பாதியில் தொங்கியது. சரிசெய்யக் கையை நீட்டினேன். மார்புக்கு நேராக அவள் பிடித்திருந்த இடத்தில், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு, அது வியர்வையில் ஈரமாக இருந்தது.